அண்ணி ஊதிப் பார்த்த மௌத் ஆர்கன்

அண்ணி,

காந்தி வீதியில் அந்த இசைக்கருவிக் கடையை இன்று காலை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள். ஷட்டர் மேலே போனதும் உள்ளே அடைபட்டிருந்த வார்னிஷ் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் பஸ்ஸுக்கு நின்றிருந்த என் மூக்குவரை வந்தன. என் பஸ் வந்தது. ஏறாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு நாம் இருவரும் உட்கார்ந்த படியிலேயே போய் உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் எங்கள் கல்யாண நாள். உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒன்பது வருஷம் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். உங்களுக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியைக் கட்டியவள் நான். ஆனாலும் உங்கள் முத்தியால்பேட்டை வீடு எனக்கு வேறு ஊர் மாதிரி இருந்தது. காரணம் என் மனசில் தெளிவாக இருந்தது. ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று பந்தி நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் சாமியானாவுக்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தீர்கள். “அண்ணி, சாப்பிட வாங்க” என்று மூன்று முறை கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவே இல்லை. நேராக வாசலுக்குப் போய் ஆட்டோ ஏறிவிட்டீர்கள். “பாத்தியா, கூப்புடக் கூப்புட எப்படிப் போறா பாரு” என்றாள் என் அம்மா. அந்த வார்த்தையை நான் ஒன்பது வருஷம் வைத்திருந்தேன்.

இருபதாவது கல்யாண நாள் வந்தபோது உங்கள் தம்பி எனக்குப் புரியாத மனிதராக ஆகியிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளோடு பேசிச் சிரித்தே பழகியவர். அவர் வாய் திறப்பது குறைந்துபோயிற்று. வேனில் பாட்டு போடுவதை நிறுத்திவிட்டார். பால் வாங்க வேண்டுமா என்று கேட்டால் “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்பார். மறுபடி கேட்டால் எரிந்து விழுவார். வேறு யாராவது இருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன், அண்ணி. ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். நான் கூப்பிட்டு அவர் எடுக்காத அழைப்புகள்தான் வரிசையாக இருந்தன.

கல்யாணமான புதிதில் அவர் மௌத் ஆர்கன் வாசிப்பார். சாயங்காலம் பீச்சுக்கு நடந்துபோய்ப் பாறைமேல் உட்கார்ந்தால் சுண்டல் விற்கிறவர்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார். வீடு மாற்றும்போது அது தொலைந்துபோனது. பாட்டு சம்பந்தமாக ஏதாவது வாங்கிக் கொடுத்தால் அந்த மனிதர் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினேன். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் கொடுத்த போனஸில் மிச்சம் பிடித்த மூவாயிரம் ரூபாய் இருந்தது. அதற்குள் என்ன வாங்குவது என்று தெரியவில்லை. அவருடைய பழைய மௌத் ஆர்கன் நீங்கள் உங்கள் முதல் தையல் கூலியில் வாங்கிக் கொடுத்தது என்று எப்போதோ சொல்லியிருந்தார். அதனால்தான் வீம்பை மடித்து வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீங்கள் தையல் மெஷினில் குனிந்தபடியே தைத்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் அதே அவமானம். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் நூல் அறுந்து நிமிர்ந்தீர்கள்.

“எப்ப வந்த? ஏன் வெளியவே நிக்கற?”

வந்த காரியத்தைச் சொன்னேன். நீங்கள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக் கேட்டீர்கள். அந்தப் பார்வைகூட எனக்கு விறைப்பாகத்தான் தெரிந்தது.

“பாட்டு கீட்டு எதுவும் வேணாம். நல்லதா ஒரு சட்டைத் துணி எடு. நானே தெச்சித் தரேன்.”

“ஏன் அண்ணி? அவருக்குப் புடிச்சது அதுதானே?”

“சொன்னா கேளு. வேணாம்.”

“நான் வாங்கத்தான் போறேன்” என்று கிளம்பிவிட்டேன். தெருமுனை திரும்புவதற்குள், கழுத்தில் அளவு நாடா தொங்க, பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தீர்கள். “இரு, நானும் வரேன்.”

கடையில் நான் ப்ளூடூத் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். கடைக்காரர் ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் காதைப் பொத்த வேண்டும்போல இருந்தது. நீங்கள் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு சின்ன கீபோர்டு ஒன்றைக் காட்டினார். விலை என் கையிருப்பைத் தாண்டியது. திடீரென்று நீங்கள், “மௌத் ஆர்கன் இருக்குதா?” என்றீர்கள்.

எடுத்து வைத்தார். “வாய் வெச்சீங்கன்னா வாங்கித்தாம்மா ஆவணும்” என்று சிரித்தார்.

“வாங்கிக்கறோம்” என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே அதை உதட்டில் வைத்து ஊதினீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. மூச்சை வெளியே விட்டீர்கள், உள்ளே இழுத்தீர்கள். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது.

“அண்ணி, என்ன ஆச்சு?”

“இது கேக்குது” என்றீர்கள். “இது எனக்கு நல்லா கேக்குதும்மா.”

கடைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னீர்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு காது மந்தமாகத் தொடங்கி, அடுத்ததில் இன்னும் குறைந்ததாம். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தானாம். எதிரே நின்று பேசினால் வாயசைவை வைத்துச் சமாளித்துவிடுவீர்கள். முதுகுப் பக்கம் இடி விழுந்தாலும் தெரியாது. துணி தைக்கக் கொடுப்பவர்களுக்குத் தெரிந்தால் அளவைத் தப்பாக எடுப்பாள் என்று போய்விடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை.

“எங்க வூட்டு விசேஷத்துல நான் உங்களை மூணு தரம் சாப்பிடக் கூப்ட்டேன், அண்ணி.”

“நீ எப்ப கூப்ட்ட?” என்று விழித்தீர்கள். “எல்லாரும் பந்திக்குப் போனாங்க. ஒருத்தரும் என்ன ஒரு வார்த்த கூப்புடல. தம்பி பொண்டாட்டிக்கு நான் வேணாம்போலன்னு வந்துட்டேன். அன்னிக்கு வூட்டுக்கு வந்து கஞ்சி காச்சிக் குடிச்சேன்.”

அதை அப்போதே பேசி முடித்திருக்கலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் இன்னொன்று எனக்கு உறைத்தது.

“அதனாலதான் பாட்டு வேணாம்னீங்களா? அவருக்கும் இருக்குதா?”

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். வயதில் மூத்தவரை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு வருசமா” என்றீர்கள். “வெளிய சொன்னா வண்டி ஓட்ட வுட மாட்டாங்கன்னு எங்கிட்ட வந்து அழுதான். புள்ளைங்க தலையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினான். நான் என்னா பண்ணுவேன்?”

மணி மூன்றே முக்கால். பள்ளிக்கூடம் விடும் நேரம். பதினாலு பிள்ளைகள் அந்த வேனில் ஏறுவார்கள். போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஏன் எடுக்கமாட்டார் என்பது இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“இன்னிக்கு ஓட்டட்டும். வூட்டுக்கு வந்தப்பறம் பொறுமையா பேசிக்கலாம்” என்று கையைப் பிடித்தீர்கள். “நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்ன மன்னிக்கவே மாட்டான்.”

“பதினாலு புள்ளைங்க, அண்ணி. அதுல ஒண்ணு நம்மளுதா இருந்தா இன்னிக்கு ஓட்டட்டும்னு சொல்வீங்களா?”

நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். நான் ஆட்டோவை நிறுத்தினேன். முதலில் ஏறியது நீங்கள்தான்.

பள்ளி வாசலில் அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நம்மை ஒன்றாகப் பார்த்து முகம் மாறியது. “கல்யாண நாளுக்குத் துணி எடுக்க வந்தோம், அப்படியே வூட்டுக்கு வரோம்” என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். நீங்கள் பின்னால் பிள்ளைகளோடு நெருக்கிக்கொண்டீர்கள். வண்டியை ஓட்டாதீர்கள் என்று சொல்லத்தான் அங்கே போயிருந்தேன். பெற்றோர் கூட்டத்தின் நடுவில் அவரை நிறுத்தி அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

விழுப்புரம் சாலையில் திரும்பியதும் பின்னால் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. பக்கத்தில் போன வண்டிகள் ஒதுங்கின. அவர் நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏங்க” என்றேன். “ஏங்க!” என்று கத்தினேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று எனக்கு நிதானமாகச் சொன்னாள்: “ஆன்ட்டி, அங்கிளைத் தொட்டாதான் திரும்புவாரு.”

பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, அண்ணி. பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

அவர் கையைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை ஓரமாக ஒடித்தார். ஆம்புலன்ஸ் நம்மை உரசுகிற மாதிரி கடந்து போனது. அதன் ஓட்டுநர் கையை நீட்டித் திட்டியதுகூடத் தெரிந்தது. உங்கள் தம்பி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில் உங்களைப் பார்த்தார். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள்.

ஒவ்வொரு பிள்ளையாக வீட்டில் இறக்கிவிட்டார். வண்டி நடக்கிற வேகத்தில்தான் போனது. கடைசிப் பிள்ளை இறங்கியதும் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து என் மடியில் போட்டார்.

“ரெண்டு வருசமா கண்ணாடியப் பாத்துப் பாத்துதான் ஓட்டறேன். ஒரு கீறல் வுழுந்ததில்ல” என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, “சத்தியம் பண்ணியே, அக்கா” என்றார்.

“பண்ணேன். மீறிட்டேன். அடிக்கணும்னா அடி” என்றீர்கள்.

அவர் இறங்கி நடந்து போய்விட்டார். அத்தனை வீடுகளுக்கும் நான்தான் போன் செய்து நாளையிலிருந்து வேன் வராது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சிலர் திட்டினார்கள். திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

கல்யாண நாள் வந்தது. மௌத் ஆர்கனைக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன். பிரிக்காமல் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் பாயசம் செய்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நீங்கள் முன்வாசலில் நுழையும்போது அவர் பின்வாசல் வழியாகப் போனார். பாயசத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே திரும்பிப் போனீர்கள். செய்தது சரிதானா என்று அன்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் சாப்பிடாமல் கிடந்து அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போக மூன்று வாரம் ஆனது. டாக்டர் கவட்டை மாதிரி ஓர் இரும்புக் கம்பியைத் தட்டி அதிரவைத்து அவர் காதருகே பிடித்தார். கேட்கவில்லை என்று அவர் தலையாட்டினார். டாக்டர் அதையே காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்தார். உங்கள் தம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற சின்ன எலும்பு இறுகிவிட்டது, எலும்பு வழியாக வருகிற சத்தம் கேட்கும், காதில் மெஷின் வைத்தால் மற்றதும் கேட்கும், ஆபரேஷனும் செய்யலாம், பரம்பரையாக வருவதும் உண்டு என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும், “அந்தப் பொட்டி எங்க?” என்று கேட்டார். மௌத் ஆர்கனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். நான் மாடிப்படியிலேயே நின்றேன். முதலில் தடுமாறியது. பிறகு பீச்சில் வாசிக்கிற அந்தப் பழைய மெட்டு மெல்லத் திரும்பி வந்தது. கீழே இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“அக்காவக் கூப்புடு.”

“போன்ல அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?”

“அப்ப வண்டிய எடு. நீ ஓட்டு.”

என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து உங்கள் தம்பி முத்தியால்பேட்டை வந்தது அன்றுதான். உங்கள் தையல் மெஷினுக்கு எதிரே போய் நின்றார். நீங்கள் பார்த்ததும் பதறி எழுந்தீர்கள். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, கோபமும் படவில்லை. மௌத் ஆர்கனை நீட்டி, “ஊது” என்றார். நீங்கள் ஊதினீர்கள். பிறகு வாங்கி அவர் ஊதினார். அப்புறம் மறுபடி நீங்கள். தையல் துணிகளுக்கு நடுவே அக்காவும் தம்பியும் மாற்றி மாற்றி அபஸ்வரமாக ஊதிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா ஆச்சு இவங்களுக்கு என்று என்னைக் கேட்டாள்.

அவருக்கு ஒரு காதில் ஆபரேஷன் ஆகி, இன்னொன்றில் மெஷின் வைத்திருக்கிறார். டாக்டர் சான்றிதழ் கொடுத்தும் பள்ளிக்கூட வேனை மறுபடி தொடவில்லை. தண்ணீர் கேன் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார். உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மெஷின் மாட்டிய முதல் நாள், “இந்த ஃபேன் இத்தன வருசமா இவ்ளோ கத்திக்கினா இருந்துச்சு?” என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தீர்கள். அதோடு நீங்கள் இருந்தது ஒரு வருஷம்கூட முழுதாக இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். நாங்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை நம் வீட்டில் சாப்பிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் உங்கள் முன்னால் வந்து நின்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அந்த ஒன்பது வருஷத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். இப்போது கேட்கிறேன்.

போன வாரம் மருந்துக்கடைக்கு ஓர் அம்மா வந்தார். சீட்டைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். எங்கள் கடைப் பெண் இரண்டு முறை கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. “திமிரப் பாருக்கா” என்றாள் என்னிடம். நான் கவுண்டரைத் தாண்டி வெளியே போனேன். அந்த அம்மாவுக்கு எதிரே போய் நின்று, அவர் கண் என் முகத்துக்கு வருகிறவரை காத்திருந்தேன்.

“வாங்கம்மா, உங்க மாத்திர வந்துட்டுது” என்றேன்.

“கூப்ட்டியா, கண்ணு?” என்று கேட்டார்.

“இப்பதாம்மா கூப்ட்டேன்” என்றேன்.