இடது காதின் வயர்

மச்சான்,

இன்று மதியம் நீ செய்த யானைப் பொம்மையின் தலையைத் திறந்தேன். இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்த உன் மகள், போன வாரம்தான் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாளாம். தும்பிக்கை தூக்கியதாம், இடது காது மட்டும் ஆடவில்லையாம். உள்ளே கனெக்டர்களில் உன் மனைவியின் நெயில் பாலிஷால் அடையாளத்துக்கு நீ வைத்த சிவப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன.

மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு ஆட்டோவில் கொண்டுபோக வேண்டும், அதனால் காது, தும்பிக்கை எல்லாம் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும் என்றாய். வயரை நேராக ஈயத்தால் பற்றவைத்துத் தொலை என்று நான் எத்தனை முறை கத்தியிருப்பேன்! நீ கேட்டால்தானே. மறைமலை நகர் கம்பெனியில் நாளெல்லாம் காருக்கு வயர் பூட்டிவிட்டு, சேலையூரில் என் வீட்டு மாடியிலும் அதே வேலை. வயர் முனையில் கனெக்டருக்குள் போகும் சின்ன உலோகப் பின்னை வைத்து, இறுகப் பிடிக்கும்படி பிளையரால் நசுக்குவாய். உடனே வெடுக்கென்று ஓர் இழுப்பு.

"இழுத்துப் பாரு மச்சான். வர்றதுன்னா இங்கியே வந்துடட்டும், ஸ்கூல்ல வந்து மானத்த வாங்கக்கூடாது."

கடைசி ஞாயிற்றுக்கிழமை இடது காது மட்டும் பாக்கி. மறுநாள் கண்காட்சி. பிளையரைக் கீழே வைத்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாய். சட்டை நனைந்திருந்தது.

"இன்னாடா?" என்றேன்.

"ஒண்ணியும் இல்ல, கேஸு. சோடா அட்சா சரியாப்பூடும்."

நானே போய் சோடா வாங்கி வந்தேன். நீ ஏப்பம் விட்டாய், இருவரும் சிரித்தோம். "சரி, சீக்கிரம் முடிடா" என்றேன்.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்றார்கள். யானை கண்காட்சிக்குப் போகவே இல்லை.

கேஸ் என்றுதான் நம்பினேன் என்று உன் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பொய். வேலை முடிய வேண்டும், அதனால் நம்பிக்கொண்டேன். இப்போது ஆபீஸில் யார் 'கேஸு' என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டுவிடுகிறேன். கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இன்று அந்த இடது காது வயரை லேசாகத்தான் இழுத்தேன். பின்னிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. அன்று நசுக்க உன் கையில் பலம் இருந்திருக்காது. நீ இழுத்துப் பார்க்கவும் இல்லை. நீயா, மச்சான்!

புதுப் பின் வைத்து நசுக்கினேன், இழுத்துப் பார்த்தேன், மாட்டினேன். காது ஆடியது. பழைய பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்பா பண்ணதுல என்ன மாமா தப்பு?" என்று கேட்டாள் உன் மகள்.

"அது அப்பா பண்ணது இல்லம்மா. நான் பண்ணது."