முழங்கையில் ஒரு தட்டு

ஜன. 9, வெள்ளி

விடியலில் பனி. எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் ஹெட்லைட் போட்டபடி வரிசையாக நின்றன. பஸ் லேட். முதல் ஷிப்ட்.

வாங்க: இட்லி மாவு, ஊக்கு, தலைவலித் தைலம். தோய்க்க: பச்சைச் சுடிதார் (ஞாயிறுக்கு. பளிச்சென்று எதுவும் கூடாது, பறவை மிரளும்).

வனத்துறை வனவர் சாரிடமிருந்து மெசேஜ். ஞாயிறு சென்னையிலிருந்து பன்னிரண்டு பேர் பறவை பார்க்க வருகிறார்கள். சுண்ணாம்புக்குளம் பக்கத்து ஏரிக்கரை. நானும் ஏழுமலையும் நடத்திக் காட்ட வேண்டும். அவரும் கூட வருவார். பொங்கல் முடிந்ததும் ஏரிக்கு நிரந்தரமாக ஒரு வழிகாட்டி வைக்கிறார்களாம். எங்கள் இருவரில் ஒருவர்.

கிடைத்தால் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பை விட்டுவிடலாம். அந்த மெஷின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று காது போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் பேச்சு புரியும். குருவிகளின் மெல்லிய குரல் சுத்தமாகக் கேட்காது. இன்னும் அங்கேயே நின்றால் பேச்சும் கேட்காமல் போகும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இது தெரிந்தது வீட்டுக்காரருக்கும் ஏழுமலைக்கும் மட்டும்.

ஏழுமலை எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ். தம்பி மாதிரி. மூன்று வருடமாக ஞாயிறு என்றால் இருவரும் ஏரியில்தான். பார்த்துப் பெயர் சொல்வது நான். குரல் கேட்பது அவன். கதிர்க்குருவி கத்தினால் என் இடது முழங்கையில் ஒரு தட்டு. மீன்கொத்திக்கு இரண்டு. யாருக்கும் தெரியாமல் தட்டுவான், நான் உடனே பெயர் சொல்வேன். "இன்னா காது மேடம் உங்களுக்கு!" என்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். ஆனால் குருவி நிஜமாகவே அங்கே இருக்கும்.

அவனுக்கும் அந்த வேலை மேல் ஆசை இருக்குமோ என்று சங்கடம். கேண்டீனில் கேட்டேவிட்டேன். "எனக்கு இன்னாத்துக்குக்கா அதெல்லாம்? நீ போ. நான் பின்னால நின்னுக்கினு தட்டுறேன்" என்றான். நிம்மதி.

ஜன. 10, சனி

தலைவலி. மெஷின் நடுவில் நின்றுபோனது, ஃபிட்டர் வரும்வரை ஓய்வு. அதுவரை லாபம்.

வீட்டுக்காரர்: "அந்தப் பையன ரொம்ப நம்பாத." எனக்குக் கோபம். தான் ஒரு நாளாவது ஏரிக்குக் கூட வந்ததுண்டா? நன்றாகத் திட்டினேன். போய்ப் படுத்துவிட்டார்.

ஜன. 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலை எல்லாம் நல்லபடி. காற்று இல்லை. தூரத்தில் பூநாரைக் கூட்டம், கூழைக்கடா, எல்லாம் காட்டினேன். வனவர் சார் இரண்டு தடவை தலையாட்டினார். எனக்கு அப்போதே வேலை கிடைத்த மாதிரி.

கருவேலம் புதர் அருகே இடது முழங்கையில் ஒரு தட்டு.

நின்றேன். கையைத் தூக்கினேன். "எல்லாரும் அமைதியா கேளுங்க. கதிர்க்குருவி பாடுது. இன்னாமா பாடுது பாருங்க!" கண்ணை வேறு மூடிக்கொண்டேன், ரசிக்கிற மாதிரி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

கண் திறந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். தொப்பிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி, "மேடம், அது லாரி ரிவர்ஸ் எடுக்குற சத்தம்" என்றார். அந்தப் பக்கம் ரோட்டில் ஜல்லி லாரி.

முதலில் சிரித்தது ஏழுமலை. வனவர் சாரிடம், என் முகத்துக்கு எதிரேயே சொன்னான்: "அக்காவுக்குக் காது அவுட்டு சார். பாவம், வெளிய சொல்லாம சமாளிச்சிக்கினு கீது."

பாவமாம்.

மீதி நடை முழுக்க அவன்தான். நான் பின்னால், யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு. ஒரு அம்மா என் தோளைத் தட்டி வாயை அகலத் திறந்து, "பரவால்லமா" என்றார், குழந்தையிடம் சொல்வது போல.

திரும்பும்போது கேட்டேன். "ஏண்டா தட்டுன?" "லாரி சத்தம் குருவி மாரியே இருந்துச்சுக்கா. நானே ஏமாந்துட்டேன். பேஜாரு பண்ணாத." இருக்கலாம். தவறு யாருக்கும் வரும். ஆனால் ஏன் சிரித்தான்?

ஜன. 12, திங்கள்

அவனைத்தான் போட்டிருக்கிறார்கள். கேண்டீனில் எல்லோருக்கும் சமோசா. எனக்கும் ஒன்று வைத்தான். தின்றேன். பசி.

மதியம் முழுக்க அழுகை. மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, அது ஒரு வசதி.

ஜன. 14, போகி

ஊர் முழுக்கப் புகை. கண் எரிச்சல். பழைய பாய், கிழிந்த ஷிப்ட் யூனிபார்ம் இரண்டு, கொளுத்தியாயிற்று. அரிசி, வெல்லம் வாங்கியாயிற்று. கரும்பு வாங்கவில்லை.

வனவர் சாரின் பறவைப் புத்தகம் என்னிடம் இருந்தது. கொடுத்துவிட்டு வரப் போனேன். உட்காரச் சொன்னார். மெதுவாக, என் முகத்துக்கு நேராகப் பேசினார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பேசுகிறார், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"காது விஷயம் எனக்குப் போன மாசமே தெரியும்மா. ஏழுமலதான் வந்து சொன்னான்."

புத்தகத்தை மடியில் இறக்கிக்கொண்டேன்.

"அதனால இன்னா, கண்ணு இருக்குதே, அவங்களயே போட்டுக்கலாம்னு அவன்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா நீங்க அன்னிக்கி அத்தன பேர் எதிர்ல லாரிய குருவின்னு சொன்னீங்க. கேக்கலன்னு சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா உங்க பேர எழுதிப் போடுறது?"

போன மாதமே போட்டுக்கொடுத்திருக்கிறான். அது பலிக்கவில்லை. அதற்கப்புறம்தான் கேண்டீனில் என் எதிரில் உட்கார்ந்து, "நீ போ" என்றது. அதற்கப்புறம்தான் லாரி வரும்வரை காத்திருந்து தட்டியது. ஏமாந்துபோனானாம். கூட இருந்தே குழி பறித்திருக்கிறான், நான் அவனுக்குத் தினமும் டிபன் பாக்ஸில் தனியாகக் குழம்பு கொண்டுபோயிருக்கிறேன்.

சாரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் மூன்று வருடம் தட்டு வாங்கிக் கதை விட்டதையும் சொல்ல வேண்டும். புத்தகத்தை வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் சொல்லல?" என்று கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை அதிகம்.

சாயங்காலம் அவனிடமிருந்து மெசேஜ். "அக்கா, ஞாயித்துக்கெயம பெரிய பார்ட்டி வருது. ஆபீசருங்கோ. கொசு உள்ளான் எது, உப்புக்கொத்தி எதுன்னு எனக்கு ஒரு எழவும் தெரியாதுன்னு ஒனக்கே தெரியும். பக்கத்துல வந்து நில்லுக்கா. ஒன்ன நம்பித்தான் ஒத்துக்கினேன்."

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பதில் போட்டேன்.

"கண்டிப்பா வரேன்டா. தைரியமா இரு."

ஞாயிறு நான் எங்கும் போகப்போவதில்லை.