கிரீடம் வேண்டாம் என்றவளுக்கு

என் செல்ல அக்கா,

ஜெயித்துவிட்டாய்! மற்றதெல்லாம் அப்புறம். அட்டைப்படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாயே, அந்தப் புத்தகம் வந்துவிட்டது. இன்று மின்சார ரயிலில் ஒரு சிறுமி அதைப் படித்துக்கொண்டு வந்தாள். அம்பத்தூரில் அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. "இரும்மா, அஞ்சலை இன்னும் ஏரிக்குள்ளதான் கீறா!" என்றாள். "அதை எழுதினது எங்க அக்கா" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் இருந்திருந்தால் என்னைக் கிள்ளியிருப்பாய்.

பத்திரிகை ஆசிரியரின் முதல் கடிதம் நினைவிருக்கிறதா? ஏரிக்கடியில் நகரம் இருக்கலாம், மீன்கள் பேசலாம். ஆனால் மடை திறப்பவர் மகளான அஞ்சலையை இளவரசியாக மாற்றினால்தான் தொடராகப் போடுவாராம். நம் அப்பா கொரட்டூர் ஏரியில் மடை திறந்தவர். "மீனு பேசுமாம், மடைக்காரன் பொண்ணு ஜெயிக்கக் கூடாதாமா? போடாங்காட்டி போவட்டும்" என்றாய். ஆனால் அன்று நீ சாப்பிடவில்லை. அச்சில் உன் கதையைப் பார்ப்பதைத் தவிர உனக்கு வேறென்ன ஆசை இருந்தது?

அப்புறம் நான் அடித்த கூத்து. நாம் வேலை பார்த்த பம்பு கம்பெனியில், ஒவ்வொரு பம்போடும் பெட்டியில் வைத்து அனுப்பும் சோதனைச் சீட்டுகளில் வீணாய்ப்போனவற்றின் பின்பக்கத்தில்தான் நீ எழுதுவாய். சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்போம். ஒருநாள் அவசரத்தில் சோதனைச் சீட்டுக் கட்டு என்று நினைத்து, உன் ஏழாம் அத்தியாயத்தைப் பம்புப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டேன். லாரியும் போய்விட்டது.

"இன்னாடி பண்ணி வெச்சிகீறே! வேற காப்பி இல்லியேடி!"

நான் அழுதேன். நீயும்தான்.

பத்து நாளில் சேலத்துக் கடைக்காரரிடமிருந்து அத்தியாயம் திரும்பி வந்தது, கூடவே ஒரு கடிதமும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாராம். அஞ்சலை மடையைத் திறந்தாளா என்று தெரியாமல் அவர்கள் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்கிறார்களாம். சூப்பர்வைசர் உன்னைத் திட்டத்தான் கூப்பிட்டார். திட்டி முடித்துவிட்டு, "அது சரி, தொறந்தாளாம்மா?" என்று கேட்டார்!

ஒரு வரிகூடச் சேர்க்காமல் சேலத்துக் கடிதத்தை ஆசிரியருக்கு அனுப்பினாய். இரண்டு மாதத்தில் அஞ்சலை அச்சில் வந்தாள், மடைக்காரர் மகளாகவே. கம்பெனி வாசலில் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு நாம் ஆடிய ஆட்டம்!

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஆண்டுவிழாவுக்கு உன் கதைதான் நாடகமாம். "அஞ்சலை தலையில ஒரு கிரீடம் வெச்சா எடுப்பா இருக்கும்" என்றார். நான் உள்ளே போய், அப்பா மடை திறந்த இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இத்த அவ கையில குடுங்க. தலை சும்மாவே இருக்கட்டும்."

நான் உயிரோடு இருக்கும்வரை அவள் தலையில் யாரும் கிரீடம் வைக்க மாட்டார்கள், அக்கா. இது சத்தியம்.

உன் ஏழாம் அத்தியாயத்தை லாரியில் ஏற்றிய தங்கை,
கமலா