ஒரு ரூபாய்க்குச் சேர்ந்த ஆங்கில வகுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷாலின். நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

மூன்று மாதமாகப் பணம் குறைத்து அனுப்பினேன் அல்லவா? காரணம் தெரிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. போனில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆப் ஒன்றில் ஒரு ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். இரண்டே நாளில் விட்டுவிட்டேன். அந்தப் படுபாவிகள் மாதாமாதம் என் கணக்கிலிருந்து எழுநூறு ரூபாயைத் தாங்களாகவே எடுத்திருக்கிறார்கள். நேற்று வங்கியில் பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. நிறுத்தப் போனால், "எங்களை விட்டுப் போகாதீர்கள்" என்று அழுகிற பொம்மையைக் காட்டுகிறது. த்தூ! எப்படியோ நிறுத்திவிட்டேன்.

அதைவிட என்னை நினைத்தால்தான் அருவருப்பாக இருக்கிறது. கணக்கில் பணம் குறைந்ததும், என் போனின் ரகசிய எண் தெரிந்தவள் என்பதால், அறையில் கூட இருந்த ஜெர்சியைப் போன மாதம் எல்லார் முன்னாலும் திருடி என்று சொல்லிவிட்டேன். அவள் வேறு அறைக்குப் போய்விட்டாள்.

இன்று கேன்டீனில் மன்னிப்புக் கேட்டேன்.

"துட்டு எங்க போச்சுன்னு கண்டுபுடிச்சிட்ட, சரி. என்னைத் திருடின்னு பாத்துகினு இருந்தாங்களே, அவங்க கிட்ட எப்ப சொல்லப்போற?" என்றாள்.

அங்கேயே எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த மாதம் முழுப் பணமும் வரும். ஊருக்கு வரும் செல்வி அக்காவிடம் மணியடிக்கிற கடிகாரம் ஒன்று கொடுத்துவிடுங்கள். போன் சத்தத்துக்கு நான் எழுவதில்லை. கூட இருந்தவரை காலை ஷிப்டுக்கு ஜெர்சிதான் எழுப்பிவிடுவாள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
ஷாலின்