ஸ்டெல்லா கேட்ட சாவி

என் அன்பு அம்மா,

கல்லறைத் திருநாளன்று உன் பக்கத்தில் வந்து நின்றபோது நிறையச் சொல்ல நினைத்தேன். ஸ்டெல்லா விடவில்லை. மெழுகுவத்தி ஏற்றினாள், பூ வைத்தாள், செபத்தையும் அவளே சொல்லி முடித்தாள். பிறகு, "போலாம், அம்மா தூங்கட்டும்" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்பா அருகில் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டு.

நீ கேட்கப் போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். சாப்பிடுகிறாள். நான் வைக்கும் குழம்பைத் தவிர எல்லாவற்றையும் நன்றாகவே சாப்பிடுகிறாள்.

பெரிய சேதி வேறு. இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மீட்டிங்கை நடத்தியது உன் மகள்.

வருஷா வருஷம் நீ போவாயே, அந்த மீட்டிங்தான். வரும் வருடத்தில் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று டீச்சர்களும் வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து திட்டம் போடுவது. நீ போன காலத்தில் அங்கே ஸ்டெல்லாவுக்கு இருந்த ஒரே வேலை ஃபேனைப் பார்ப்பது. உனக்கு என்ன பிடிக்கும் என்று பிசியோ டீச்சர் அவளைக் கேட்டால் நீ பதில் சொல்வாய். பசிக்கிறதா என்று அவளைக் கேட்டாலும் நீதான் சொல்வாய். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை மூன்று சொல்லைக் கோத்து வெளியே கொண்டுவர நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் சும்மா இருக்க நம் குடும்பத்தில் யாருக்கும் வராது.

நீ போன துக்கத்தில் போன வருட மீட்டிங்கைத் தவறவிட்டோம். நீ இல்லாமல் நடக்கும் முதல் மீட்டிங் என்பதால் எனக்கே கொஞ்சம் உதறலாக இருந்தது. கவிதா டீச்சர் என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். நான் கம்பெனியில் டீ பிரேக்கில் இருந்தபோது போன் செய்தார். ஸ்டெல்லாவுக்குப் பதினேழு வயது ஆகிறது, அவள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிற மீட்டிங், அவளே நடத்தட்டும் என்றார்.

"அப்ப நான் ரெண்டு நாள் லீவு போடணுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

ஒரு நாள் போதும் என்றார். சிரிக்கவில்லை.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போனேன். என் தங்கச்சி மீட்டிங் வைக்கிறாள், நான் கண்டிப்பாக இருந்தாக வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கச்சி எந்தக் கம்பெனியில் ஹெச்.ஆர். என்று விசாரித்தார். நான் விளக்குவதற்குள், தன் மச்சானுக்கு அங்கே ஏதாவது வேலை கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டார். லீவு கிடைத்தது. அவருடைய மச்சானின் பயோடேட்டாவும் கிடைத்தது.

அம்மா, இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. உன் முதலாண்டுத் திருப்பலிக்கு ஊரிலிருந்து சித்தி வந்திருந்தாள். நம் சேரப்பணஞ்சேரி வீட்டுச் சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "நீ ஷிஃப்டுக்குப் போற பய. ஹவுஸ் ஓனரம்மா எத்தன நாளைக்கு இவளப் பாத்துக்கிடுவா? நம்மூருப் பக்கம் சிஸ்டருங்க நடத்துற ஹோம் ஒண்ணு இருக்கு. அங்க விட்டுரு. நீயும் ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு நிம்மதியா இரி."

சித்தி கெட்டவள் இல்லை. அவள் கணக்கும் தப்பில்லை. பள்ளி வேன் ஸ்டெல்லாவை நாலு மணிக்கு இறக்கிவிடுகிறது. ஓ.டி. இருந்தால் நான் வர ஆறரை ஆகிறது. மீட்டிங் முடியட்டும், சொல்கிறேன் என்றேன். அடுத்த அறையில் ஸ்டெல்லா படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வாரத்திலிருந்து ஒத்திகை ஆரம்பமானது. கவிதா டீச்சர் அவளுக்குப் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார். எனக்குப் பிடித்தது, பிடிக்காதது, நான் கற்றுக்கொள்ள நினைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, நான்தான் பெரிய டீச்சர் என்றாள். குக்கர்தான் பிசியோ டீச்சர். வணக்கம் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு நாள் என்னை வெளியே அனுப்பி, மறுபடி வரச் சொன்னாள். குக்கரிடம் அவளுக்கு எந்தப் புகாரும் இல்லை. கற்றுக்கொள்ள என்ன ஆசை என்ற இடம் வந்ததும், "டீ குடிங்க" என்று சொல்லி மீட்டிங்கை முடித்துவிடுவாள். டான்ஸாக இருக்கும் என்று நினைத்தேன். புதுப் போன் கேட்பாளோ என்ற பயமும் இருந்தது.

மீட்டிங்குக்கு மல்லிகா அக்காவும் வர வேண்டும் என்று அவளே போய் அழைத்தாள். நீ போன பிறகு மாலை முழுக்க அவளை வைத்துக்கொள்வது நம் ஹவுஸ் ஓனர் அக்காதான். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார். ஆனால் ஒரு வயதுப் பிள்ளை மாதிரி. முகமெல்லாம் பவுடர் அப்பி, "செல்லக்குட்டி, ஆ காட்டு" என்று சோறு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு சீரியலுக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார். ஸ்டெல்லாவின் முகம் அப்போது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்தால் நான் வைத்துக்கொள்ளும் முகம்.

அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோவில் போகும்போது என் காதில், "இன்னாபா, ஸ்டேஜ்லாம் கீதா? நானும் எதுனா பேசணுமா?" என்று கேட்டார்.

ஸ்டேஜ் இல்லை. ஒரு மேஜை, அதைச் சுற்றி ஹெட்மிஸ்ட்ரஸ், கவிதா டீச்சர், பிசியோ டீச்சர், நாங்கள். ஸ்டெல்லா மட்டும் எழுந்து நின்றாள்.

"வணக்கம். நான் ஸ்டெல்லா. இது என் மீட்டிங். போன் ஆஃப்."

ஹெட்மிஸ்ட்ரஸ் போனை அணைத்துவிட்டார் அம்மா. நான் அணைப்பதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார், மச்சான் விஷயமாகத்தான். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வை உன்னுடையது.

முதலில் அவளைப் பற்றி எல்லோரும் ஒரு நல்லது சொல்ல வேண்டுமாம். மல்லிகா அக்கா ஒன்றில் தொடங்கி நிறுத்த முடியாமல் கண் கலங்கிவிட்டார். ஸ்டெல்லா தட்டிக்கொடுத்து, "போதும்க்கா" என்றாள்.

பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் விஷயத்துக்கு வந்தார். பெரிய பிள்ளைகளைக் காகிதக் கவர் செய்கிற பகுதிக்கு மாற்றுவது வழக்கம், ஸ்டெல்லாவுக்கு அது பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் மேடம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், ஒரகடம் சிக்னலில் டிராஃபிக் போலீஸ் நிறுத்துகிற மாதிரி ஒரு கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"அண்ணே. உன்ன கேக்கல."

யாரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று கவிதா டீச்சர் கண்ணாலேயே சொன்னார். அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பது மூன்று ஷிஃப்ட் சேர்த்துப் பார்ப்பதைவிடக் கஷ்டம். ஸ்டெல்லாவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"பிடிக்காது. பசை நாறுது. கையி ஒட்டுது."

அப்படியானால் என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டார்கள். மறுபடி அந்த அமைதி. நான் என் தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கதவு" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அவள் கோபப்படவில்லை. புரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நம்ம வீட்டுக் கதவு. சாவி வேணும். நானே தெறப்பேன். அண்ணன் வர்ற வர நானே இருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஹோம் வேண்டாம்."

அம்மா, நீ அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?  எனக்கு வந்ததெல்லாம் மொத்தமாக வந்தது. கேஸ் அடுப்பு, பிளக் பாயின்ட், வழி கேட்டு வருகிற ஆட்கள், மழைக்கு உப்பி இறுகிக்கொள்ளும் கதவு என்று என் பயங்களை எல்லாம் கொட்டினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பொறுமையாக எழுதிக்கொண்டு, நல்லதாகப் போயிற்று, இந்த வருடம் என்னென்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்றார்.

மல்லிகா அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ நானு சாயங்காலத்துல இன்னா பண்றது?" என்றார். கேட்டது என்னை இல்லை, அவளைத்தான். அந்தக் கேள்வியை ஸ்டெல்லா நீண்ட நேரம் யோசித்தாள்.

"நீங்க கெஸ்ட். வாங்க. நான் டீ தரேன். ஃப்ளாஸ்க்ல." பிறகு நிபந்தனையும் சொன்னாள். "ஊட்டக் கூடாது."

அக்கா பட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற பூட்டு ஒவ்வொன்றையும் பூட்டித் திறந்து பழகினாள். ஸ்டோர் ரூமைப் பூட்டியபோது பிசியோ டீச்சர் உள்ளே இருந்திருக்கிறார். திறக்கவும் தெரிந்திருந்ததால் பாஸ் போட்டுவிட்டார்கள். வீட்டில் நான் வேலைக்குப் போகும்போது சிலிண்டரை மூடிவிட்டுப் போவேன். அக்கா முதலில் நம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், பிறகு மாடிப்படியின் அடியில், பிறகு கீழே தன் வீட்டுக்குள். யார் தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவன் நான்.

போன வாரம்தான் முதல் முறையாக, நான் ஓ.டி. முடித்து வரும்வரை தனியாக இருந்தாள். நல்ல மழை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே ஓடிவந்து கதவைத் தட்டினேன்.

"யாரு?"

நான்தான் என்றேன். நான்தான் என்றால் யார் என்றாள். சேவியர் என்றேன். எந்த சேவியர் என்றாள். உன் அண்ணன் என்றேன். 

"ஐடி கார்டு."

ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிகூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"போட்டோல மீசை இல்ல" என்றாள்.

கடைசியில் மல்லிகா அக்கா குடை பிடித்துக்கொண்டு மேலே வந்து, "அது உங்க அண்ணன்தான் கண்ணு, நான் கேரன்ட்டி" என்று சாட்சி சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

உள்ளே டி.வி. ஓடவில்லை. நாற்காலி கதவைப் பார்த்துப் போட்டிருந்தது. அவ்வளவு நேரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். அப்புறம் என்ன செய்தாய் என்றேன்.

"அப்புறம் பசிச்சுது. சாப்ட்டேன்."

என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருந்தாள். ஈர யூனிஃபார்மோடு நின்று நான் அழுததைப் பசியால் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

சித்திக்கு அவளே போன் செய்தாள். "ஹோம் வேண்டாம். என்கிட்ட சாவி இருக்கு." சாவியைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று சித்தி கேட்டிருக்கிறாள். அண்ணன்தான் தொலைப்பான் என்று பதில் போயிருக்கிறது. சித்தி பேச்சை என் கல்யாணத்துக்கு மாற்றிவிட்டாள். ஊரில் ஒரு பெண் இருக்கிறதாம். ஸ்டெல்லா அதற்கும் தயாராக இருக்கிறாள். முதலில் அந்த அக்கா இங்கே வரட்டும், மீட்டிங் போட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டாள். யாரை எங்கே உட்கார வைப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண் அவளிடம் என்ன கேட்பாள், இவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமே நின்றுபோகலாம். ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா. யார் அவளிடம் எதைக் கேட்டாலும், எத்தனை நேரமானாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். கிள்ளிக்கொள்ள எனக்குத் தொடை இரண்டு இருக்கிறது.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மூத்தவன்,
சேவியர்