கொடியில் என் பாதி

ஏப்ரல் 9, புதன்

காலையிலேயே கொடிச் சண்டை. சண்டை என்று சொல்லக்கூடாது, நான் மட்டும்தான் பேசினேன்.

புழக்கடையில் துணி காயப்போட இருப்பது ஒரே கொடி. நடுவில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு, கிணற்றுப் பக்கம் எனக்கு, மதில் பக்கம் மாடிக்காரர்களுக்கு என்று குடிவந்த அன்றே சொல்லியிருக்கிறேன். இன்று என் சுங்குடிச் சேலையை உரசிக்கொண்டு குழந்தையின் இடுப்புத் துணிகள், முடிச்சைத் தாண்டி நாலைந்து. அலசிய துணிதான். ஆனாலும் எல்லை எல்லைதான். மாடியில் குடியிருக்கும் இசக்கிச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எடுத்துருதேன் ஆச்சி" என்றாள். எடுத்தும் விட்டாள்.

பேறுகாலத்துக்குப் பனவடலிசத்திரத்திலுள்ள தாய் வீட்டுக்குப் போனவள், மூன்றாம் மாதம் முடிந்து பங்குனிக் கடைசியில் பெண் குழந்தையோடு திரும்பியிருக்கிறாள். புருஷன் கோமதிசங்கர் தறிக்கூடத்தில் மேஸ்திரி. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் முகம் தெரியும். ஆகவே வந்த அன்றே அவளிடம் நான் சொல்லிவைத்தேன்: ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். வெயில் எவ்வளவு அடித்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அந்த வாயில் படக்கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரிலேயே எழுதிப்போட்டிருக்கிறார்கள். அவள் தலையாட்டினாள்.

உடனே தலையாட்டுகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மதியம் துரைப்பாண்டி அண்ணாச்சி வந்திருந்தார். என் கணவர் இருந்த காலத்திலிருந்து தினமும் வருகிறவர். இப்போது கண்ணில் புரை. நான் பேப்பர் வாசிப்பேன், அவர் கேட்டுவிட்டு நாட்டை ஒரு மூச்சுத் திட்டிவிட்டுப் போவார்.

வெயில் காலத்தில் நாங்கள் உட்காருவது நடையில். வாசலை ஒட்டிய முன்கூடமான தார்சாவுக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே நீளமாகப் போகும் நடை. கல் தரை. புழக்கடைக் கதவைத் திறந்துவிட்டால் கிணற்றுப் பக்கத்திலிருந்து காற்று வரும். இந்த வீட்டில் சித்திரையிலும் மனுஷன் உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். மாடிப்படியும் அங்கேதான் வந்து இறங்குகிறது.

இன்று அண்ணாச்சி நடைக்குள் காலை வைத்தவர், இருமிக்கொண்டே திரும்பித் தார்சாவுக்குப் போய்விட்டார். எட்டிப்பார்த்தேன். கடைசிப் படியில் செல்வி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி போன பிறகு சொன்னேன். நாலு பேர் வந்துபோகிற இடம் இது, உனக்கு மேலே அறை இருக்கிறது, அறைக்குக் கதவும் இருக்கிறது என்று. பாளையங்கோட்டை கான்வென்ட்டில் தாவணி ஒரு விரல் நகர்ந்தால் போதும், மதர் பேசவே மாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வை இன்னும் என் தோளில் இருக்கிறது. அதை இந்தக் காலத்துப் பெண்களுக்கு எப்படிச் சொல்வது?

"மேல ஒரே வெக்கையா கெடக்கு ஆச்சி" என்று முனகினாள். ஃபேன் இருக்கிறதே என்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

நான் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன். செல்வியைக் கூப்பிட்டு ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்பினேன். கண்ணைப் பார்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. மதியம் மேலே குழந்தை வீறிட்டு அழுகிறது. சரி, வெயில். ஆனால் அழுகை திடீரென்று நின்றுவிடுகிறது, விளக்கை அணைத்த மாதிரி. பால் குடித்து அடங்கும் குழந்தை அப்படி நிறுத்தாது. தேம்பும், விசும்பும், பிறகுதான் ஓயும். இது அப்படியில்லை. எதையோ வாயில் வைக்கிறார்கள்.

எதை?

ஏப்ரல் 16, புதன்

செல்வியின் அம்மா வள்ளித்தாய் பஸ்ஸில் வந்தாள். புதன்தோறும் வருகிறாள். கையில் வயர்கூடை, கூடையின்மேல் எப்போதும் ஒரு துண்டு. அந்தத் துண்டு எதற்கு? முருங்கைக்காயையும் தேங்காயையும் யார் மூடிக்கொண்டு வருவார்கள்?

கசகசாவாகத்தான் இருக்கவேண்டும். அரைத்துப் பாலில் கலந்து ஊற்றினால் குழந்தை கிறங்கிப் படுத்துவிடும். ஊர்ப்பக்கம் இன்னும் அதைச் செய்கிறார்கள், யார் கேட்டாலும் இல்லை என்பார்கள்.

நேரடியாகவே கேட்டேன், மதியத்தில் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று. கூடையைக் கீழே வைத்து, துண்டை உருவி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் வீட்டுக்காரம்மா, புள்ள வாயில என்ன வைக்கோம்னு ஒங்ககிட்ட எழுதிக்குடுத்துட்டுத்தான் வைக்கணுமா?"

கூடையில் முருங்கைக்காயும் பால்சுறாக் கருவாடும் இருந்தன. பால் ஊறுவதற்காம். கருவாடு என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று குடிவரும்போதே சொன்னது. அதை இன்று பேசவில்லை. கருவாட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று பார்க்கமுடியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றும் அழுகை. இன்றும் அதே மாதிரி நின்றது. வள்ளித்தாய் ஊருக்குப் போய்விட்டாள். ஆகவே கை இவளுடையதுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கொடியில் என் பாதி இரண்டு மூன்று நாளாகச் சுத்தமாக இருக்கிறது. சொன்னால் கேட்கிறாள் என்று முதலில் திருப்திதான். பிறகு பார்த்தால், அவர்களுடைய பாதியிலும் இடைவெளி. பத்துப் பன்னிரண்டு துணி தொங்கிய இடத்தில் மூன்று.

கடையில் விற்கும் டயப்பர் வாங்க ஆரம்பித்துவிட்டார்களா? அப்படியானால் அழுக்கை எங்கே போடுகிறார்கள், என் சாக்கடையிலா? போன வருஷம்தான் அடைப்பெடுத்தேன். குப்பைத் தொட்டியை ஒரு குச்சியால் கிளறினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கிளறினேன். ஒன்றுமில்லை. சாக்கடையிலும் இல்லை.

அப்படியானால் எங்கே?

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்கமுடியவில்லை.

கொடியில் இன்று இரண்டே துணி. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அலசியும் மூத்திரக் கறை போகவில்லை, நல்ல மஞ்சள், மாங்காய்த் தோல் காய்ந்த நிறம்.

டயப்பர் இல்லை. துணியும் இல்லை.

குழந்தை நனைக்கவே இல்லையென்றால்?

இன்று மதியம் அழுகைச் சத்தமும் மெலிந்திருந்தது. பூனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஐயோ, என்னத்தைக் குடுத்துத் தொலைக்காளோ தெரியலையே. சாயங்காலம் கோமதிசங்கர் வந்ததும் சொல்லலாமா? அவன் பெண்டாட்டி பக்கம்தான் பேசுவான். நாளைக்கு நானே மேலே போகிறேன். தொட்டிக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 23, புதன்

நடந்ததை முறையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழுகை கேட்டது. படியேறினேன். வெயில் நேரத்தில் அந்த அறைக்குள் நான் போனதே இல்லை. வாடகைக்கு விட்ட பிறகு எதற்குப் போகவேண்டும்? கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது, இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி. மொட்டைமாடித் தளம் தலைக்குமேலே கொதிக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, அந்தக் கொதிப்பைத்தான் கீழே இறக்குகிறது. செல்வியின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் குழந்தை, கையில் வெள்ளிப் பாலாடை. அதன் மூக்கு குழந்தையின் வாய்க்குள்.

கசகசாதானே என்று பிடுங்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர். ஆறவைத்த வெந்நீரில் துளி கற்கண்டு.

தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தண்ணி குடுக்காதன்னும் சொல்லுதிய, கீழ வராதன்னும் சொல்லுதிய. இங்கன வச்சு பால் குடுத்தா ரெண்டு வாய் உறிஞ்சும், வேத்து வழுக்கி விட்டுரும், பெறவு மொகத்தத் திருப்பிக்கிடும். நா வறண்டு அழுத புள்ளைக்கு நான் வேற என்னத்தக் குடுக்க?"

சத்தம் போட்டேனா நான், அன்றைக்கு மெதுவாகத்தானே சொன்னேன் என்றேன்.

"சத்தம் போட்டிருந்தா மறுநாளு வந்திருப்பேன் ஆச்சி."

குழந்தையை வாங்கினேன். என் கையில் அது துணி மாதிரி கிடந்தது. உச்சிக்குழி தாழ்ந்திருந்தது. காலையிலிருந்து எத்தனை தடவை நனைத்தது என்று கேட்டேன். ஒரு தடவை என்றாள்.

அந்த நேரம் வள்ளித்தாய் கூடையோடு படியேறி வந்தாள். என் கையில் பேத்தியைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேரடித் திருப்பத்தில் வண்டி குலுங்கியபோது வள்ளித்தாய் என் முழங்கையைப் பிடித்தாள், பிடித்தபடியே இருந்தாள். நானும் உருவிக்கொள்ளவில்லை.

டாக்டர் சின்னப் பெண்தான், ஆனால் நிதானம் உண்டு. எடை பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் குடித்து நிறைந்த வயிறு பாலைக் கேட்காது, அதனால்தான் குழந்தை இன்னும் வாடுகிறது என்றாள். தாய்ப்பாலிலேயே போதுமான தண்ணீர் இருக்கிறது, வெயிலில் அடிக்கடி கொடுக்கவேண்டும், கேட்கும்போதெல்லாம் கொடுக்கவேண்டும், தாய்தான் தாகமெடுக்கும் முன்பே குடித்துக்கொண்டிருக்கவேண்டும். நல்லவேளை, ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றுகிற அளவுக்குப் போகவில்லை, குடிக்க வைத்துப் பார்ப்போம் என்று உள்ளே ஒரு அறையைக் காட்டினாள். திரை போட்ட அறை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். முதலில் குழந்தைக்கு மார்பை வாயால் பிடிக்கவே தெம்பில்லை. செல்வி கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சி ஊட்டினாள். பிறகு பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவே இல்லை. விழுங்குகிற சத்தம் திரைக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

சாயங்காலம்வரை அங்கேயே இருக்கச்சொன்னார்கள். கிளம்புமுன் இரண்டு தடவை நனைத்துவிட்டது. டாக்டர் செல்வியிடம் கேட்டாள், "வீட்ல இந்த மாதிரி காத்தோட்டமா ஒரு எடம் இருக்காம்மா? இல்லைன்னா அம்மா வீட்டுக்குப் போயிருங்க."

செல்வி தரையைப் பார்த்தாள். வள்ளித்தாய் என்னைப் பார்த்தாள். செல்வி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றேன் நான்.

ஏப்ரல் 24, வியாழன்

என் கணவருடைய எட்டு முழ வேட்டி இரண்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நடையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். காற்று வரும், கண் வராது. சாய்வு நாற்காலியை உள்ளே போட்டேன். பக்கத்தில் ஒரு மண்பானை, ஒரு டம்ளர். தாய்க்கு.

வெள்ளிப் பாலாடையை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். செல்வி சிரித்தாள். சிரிப்பில் என்ன இருக்கிறது? கரண்டி என்று ஒன்று எந்த வீட்டிலும் இருக்கிறதே. பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

துரைப்பாண்டி அண்ணாச்சி வழக்கம்போல் மதியம் வந்தார். இனிமேல் வெயில் தாழ வாருங்கள் என்றேன்.

"ஏன், நடைக்கு என்ன வந்துச்சு?"

"வேற ஆள் வந்திருக்கு."

புரைக் கண்ணால் வேட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிதான். நான் நாட்டைத் திட்டினா அந்த ஆளு எந்திரிச்சிரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

ஏப்ரல் 30, புதன்

வள்ளித்தாய். நடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். வேட்டியைத் தொட்டாள், பானைக்குள் எட்டிப்பார்த்தாள், சாய்வு நாற்காலியை ஆட்டிப்பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வாடகைய ஏத்தப் போறியளோ?"

இல்லை என்றேன்.

"பெறவு எதுக்கு?"

கருவாடு கொண்டுவந்தால் புழக்கடைக் கதவுப் பக்கமாகக் கொண்டுவா என்று மட்டும் சொன்னேன். அவள் நம்பவில்லை. போகும்போதும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம்.

மதியம் முழுக்கத் தார்சாவில் உட்கார்ந்திருந்தேன். தரை சுடுகிறது. பேப்பரால் விசிறிக்கொண்டேன். நடுவில் தாகமெடுத்தது. அடுப்பங்கரைக்குப் போகவேண்டுமானால் நடையைத் தாண்டவேண்டும். வேட்டிக்கு வெளியே நின்று, வரலாமா என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து "இப்பத்தான் புடிச்சிருக்கு ஆச்சி, செத்த பொறுங்க" என்றாள்.

பொறுத்தேன்.

சாயங்காலம் குளித்துவிட்டுச் சேலையைப் பிழிந்துகொண்டு புழக்கடைக்குப் போனால், கொடி நிறைய இடுப்புத் துணிகள். மதில் பக்கமிருந்து சிவப்பு முடிச்சைத் தாண்டி, கிணற்றுப் பக்கக் கம்புவரை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றிலும் மஞ்சள் இல்லை. சிலவற்றில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

செல்வியைக் கூப்பிடவில்லை. சேலையைக் கொண்டுவந்து தார்சா நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டேன். இந்த வெயிலுக்கு அது எங்கே போட்டாலும் காய்ந்துவிடும்.