பதிவு முடிந்தால்தான் தரகு

சிங்காநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புக் கண்ணு இனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, லேத் பட்டறையில் இப்போது உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போனில் "பதிவு முடிஞ்சிருச்சு கண்ணு" என்று நான் கத்தியதும் நீ வார்டுக்குப் போக வேண்டுமென்று வைத்துவிட்டாய். எனக்கோ சொல்லி முடிக்காமல் தொண்டையிலேயே நிற்கிறது. இருகூர் வீடு நம்முடையது கண்ணு! பருப்புப்பொடி பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன், ஆற அமரப் படி.

வீட்டைக் காட்டிய புரோக்கர் சுந்தரராஜுலுவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வருவாரே, அவர்தான். வீட்டுக்காரர் அன்புமணியிடம் விலை பேசி முடித்ததும் கிரய ஒப்பந்தத்தையும் அவரே அடித்துக்கொண்டு வந்தார். அப்பா அப்போதே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என்னோடு யூனிஃபார்ம் தைக்கிற இஸ்மத்துக்குப் போன வருடம் நடந்தது உனக்குத் தெரியாது. அவள் வாங்க இருந்த வீடு கடைசியில் கைக்கு வரவில்லை, ஆனால் புரோக்கர் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை, வீட்டைக் காட்டியதற்குத்தான் அந்தக் காசு என்று சொல்லிவிட்டாராம். காகிதத்திலும் அப்படித்தான் இருந்ததாம். அதனால் நான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நேரே வக்கீல் யுஸ்ராவிடம் போனேன், இஸ்மத்தின் தங்கை மகள், கோட்டைமேட்டில் ஆபீஸ் வைத்திருக்கிறாள், நல்ல பொறுமைசாலி.

அவள் ஒரு வரியைக் காட்டிப் படித்தாள். தரகு என்பது விற்பவரையும் வாங்குபவரையும் அறிமுகப்படுத்திய பணிக்கான தொகை, ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே வாங்குபவர் தர வேண்டும், எக்காரணத்தாலும் திரும்பாது என்று இருந்தது. "இதுல பொய் ஒண்ணும் இல்லீங்க ஆன்ட்டி, ஆனா எந்த வேலைக்குக் காசு தர்றீங்கன்னு இந்த ஒரு வரிதான் சொல்லுது. ஊடு கைக்கு வர்றதுக்கா, ஆளைக் காட்டினதுக்கா? நீங்கதான் முடிவு பண்ணோணும்" என்றாள். நான் கேட்டபடி வேறு மாதிரி எழுதிக் கொடுத்தாள். தரகு என்பது கிரயப் பத்திரம் பதிவாகி முடிந்த பிறகு தருவது, பத்திரத்தில் கண்ட விலையில் நூற்றுக்கு ஒன்று, விற்பவர் பங்கை விற்பவரும் வாங்குபவர் பங்கை வாங்குபவரும் தர வேண்டும், பதிவு நடக்காவிட்டால் தரகு கிடையாது, வண்டி வாடகை சாப்பாட்டுச் செலவு என்று வேறு பெயரிலும் எதுவும் கேட்கக் கூடாது.

சுந்தரராஜுலுவுக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. "ஏனுங்க அக்கா, இத்தன வருசமா தொழில் பண்றேனுங்க, என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க" என்றார். அப்பா என் முந்தானையை இழுத்து, "அட உடு பொற்கொடி, நல்ல மனுசன், மூஞ்சில அடிச்சாப்ல பேசாத" என்று மெதுவாகச் சொன்னார். நீ அங்கே நைட் டியூட்டி பார்த்து அனுப்பியதும் அப்பாவின் பி.எஃப். பணமும் இந்த வீட்டுக்குத்தானே போகிறது, நான் அசையவில்லை. கடைசியில் சுந்தரராஜுலு அரை மனதாகச் சம்மதித்தார், சின்ன அட்வான்ஸ் கொடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அதற்குப் பிறகுதான் கதையே. யுஸ்ரா வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், அன்புமணிக்கு ஒரு அக்கா! பழனியாத்தாள் என்று பெயர், பவானியில் இருக்கிறார். வீடு அவர்கள் அப்பா விட்டுப்போனது, அந்த அம்மாவும் கையெழுத்துப் போடாமல் கிரயம் செல்லாது என்று யுஸ்ரா சொல்லிவிட்டாள். அன்புமணியைக் கேட்டால், "அவளுக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சுபோட்டோமுங்க, நாங்க பேசிக்கறதே இல்லீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணு, அந்த நிமிடம் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "அப்படின்னா அந்த ஊடு எனக்கு வேண்டாமுங்க. ஒரு பொம்பளைய உட்டுப்போட்டு வாங்குன ஊட்டுல நான் அடுப்புப் பத்த வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அப்பா, "ஊட்டுப் பின்னால இருக்கற அந்தக் கொய்யா மரத்த நெனச்சாத்தான் மனசு ஆறல. ஆனா நீ சொன்னது சரி" என்றார். அன்று முழுக்க எனக்குத் தையலில் கண்ணே நிற்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சுந்தரராஜுலு! "அக்கா, பழைய காயிதமா இருந்திருந்தா நான் என்ற காச வாங்கிட்டு அடுத்த ஊட்டக் காட்டப் போயிருப்பேனுங்க. இப்ப இது முடிஞ்சாத்தான் எனக்கும் பொழப்பு. வாங்க, பவானிக்குப் போலாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு லீவு இல்லை, நான் லீவு சொல்லிவிட்டு சுந்தரராஜுலுவோடு ஈரோடு பஸ் ஏறினேன். பழனியாத்தாள் நல்ல உயரம், நிமிர்ந்த பேச்சு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எந்தம்பி எங்கூட்டு வாசலுக்கு வந்து கேக்கோணுமுங்க அம்மணி. கேட்டாப் போதாது, என்ற பங்கையும் குடுக்கோணும். ரெண்டும் நடந்தா நான் எங்க வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போடறேன்" என்றார். நியாயம்தானே?

திரும்பி வந்து சுந்தரராஜுலு அன்புமணியை விடவே இல்லை. அக்கா கையெழுத்து இல்லாமல் இந்த வீட்டை எந்தக் காலத்திலும் யாருக்கும் விற்க முடியாது என்று தினமும் போய்ச் சொல்லி, ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்துக் காரில் ஏற்றிவிட்டார். நானும் அப்பாவும் பின் சீட்டில். பவானியில் அன்புமணி வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். அந்த அம்மா அவரைத் திட்டவில்லை, அழவுமில்லை, எங்கள் எல்லோரையும் பொதுவாகக் கேட்கிற மாதிரி, ஆனால் அவரையே பார்த்து, "டீ வெக்கட்டுமா, காப்பியா?" என்றார். "உங்கையில எதுனாலும் செரீக்கா. உன்ற பங்கையும் குடுத்தர்றேன், வந்து கையெழுத்துப் போடு" என்றார் அன்புமணி. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். அப்பா கைக்குட்டையைத் தேடினார், நானும்தான்.

வெள்ளிக்கிழமை பதிவு ஆபீசில் அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பங்கு அங்கேயே பேங்க் டிடியாகக் கைக்குப் போனது. பதிவு முடிந்து வெளியே வந்ததும் சுந்தரராஜுலுவுக்கு உரியதை அப்பா கொடுத்தார், அன்புமணியும் தன் பங்கைக் கொடுத்தார். பவானிக்குப் போன காருக்குப் பெட்ரோல் என்று ஆரம்பித்த சுந்தரராஜுலு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேற பேர்ல கேக்கக் கூடாதுங்களே" என்று சிரித்தார். எல்லோரையும் சாப்பிடக் கூட்டிப்போனோம், அதற்கு எந்த ஒப்பந்தமும் தடை சொல்லாது.

இனி நம் வீட்டைப் பற்றி. இரண்டு ரூம், சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல், பின்னால் கொய்யா. அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக அளந்துகொண்டு திரிகிறார். மழைக்கு முன் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும், அது ஒன்றுதான் கவலை. நீ வேலை மாற ஏதோ ஏஜென்சியிடம் பேசுவதாகச் சொன்னாயே, கட்டணம் என்று போட்டிருந்தால் அது எந்த வேலைக்கு, எப்போது தர வேண்டும், வேலை கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்டு எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதே. கேட்கக் கூச்சப்படாதே, கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டே இருப்பதில்லை. வைட்டமின் மாத்திரையை மறக்காதே.

ஒன்று சொல்லாமல் விட்டேனே. பதிவு ஆபீசில் அதிகாரி பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "கிரயம் வாங்கறது யாருங்க?" என்று கேட்டார். நான் வழக்கம்போல அப்பா பின்னால் நின்றிருந்தேன். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, எனக்குச் சொல்லாமலே அவரும் யுஸ்ராவும் பத்திரத்தில் உன் பெயரையும் என் பெயரையும் மட்டும் போட்டிருக்கிறார்கள். "நானுங்க! நானும் என்ற பொண்ணும்" என்றேன், அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

மாசாணியம்மன் உன்னை எந்நேரமும் காக்கட்டும். நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனசோடு இரு கண்ணு.

உன் அம்மா,
பொற்கொடி வேலுமணி